வோட்டு வந்த வருஷம்

கண்டியில் ஒரு துணிக்கடையில் நானும் என் நண்பரும் விற்பனையாளர்கள். சரித்திரத்திலேயே நீதியான வருஷம் எது என்று 1931இல் ஒருநாள் வாதம் வந்தது. பிரெஞ்சுப் புரட்சி நடந்த 1789தான் என்று முழங்கினேன். கண்டியைத் தாண்டினாலே வழி கேட்கிற ஆள் நான்.

"பிரான்ஸ் எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா, நானா? எனக்கு இந்த வருஷந்தான். ஏழைக்கும் வோட்டு வருதுல்ல!" என்றார் கலஹா தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நண்பர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் 'நானா' என்பார்கள்.

ஆனால் வோட்டர் பட்டியலில் அவர் பெயரைப் பதிய மறுத்துவிட்டார்கள். கல்யாணம் கட்ட இந்தியா போய் ஒரு வருஷம் தங்கியதால், இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் இல்லையாம்.

தேர்தலன்று, "நீங்க போட்டுட்டு வாங்க நானா, கடைய நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் மட்டும் வோட்டுப் போடப் போனேன்.