மரத்தில் தொங்கிய இரண்டு மைக்

சேர்வராயன் மலைமேல் வெள்ளக்கடையில் சக்திவேலின் வீட்டுக்கு வழி கேட்டால், "ஸ்பீக்கர்காரர் ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எஸ்டேட்டின் காப்பிக்கொட்டையைச் சேலத்துக்கு ஏற்றிப்போகும் லாரிக்கு அவர் டிரைவர். புயலில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டு வாங்கி, அறுத்து, நான்கு வருஷம் இழைத்து, இடுப்புயரத்துக்கு இரண்டு பெட்டிகள் செய்திருந்தார். சேலத்துப் பழைய கடைகளில் தேடிப் பிடித்த ஸ்பீக்கர்கள் அவற்றுக்குள் இருந்தன.

"பீரோ வெக்கற எடத்துல இதுங்க நிக்குது" என்பாள் அவர் மனைவி சசிரேகா. பாட்டு ஓட ஆரம்பித்தால் அவளுக்குப் பின்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும். நாயனம் என்றால் கதவையும் சாத்திக்கொள்வாள். அவளுக்கு இசையில் நாட்டமில்லை என்று அவர் விட்டுவிட்டார்.

பெட்டியில் பாட்டுப் போட்ட முதல் நாளே அவருக்கு மனசு விட்டுப்போனது. போனில் இனித்த பாட்டெல்லாம் பெரிய பெட்டியில் பல்லிளித்தது. ஒண்டிக்கடை முக்கில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரபாகரிடம் போய்ப் புலம்பினார்.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் வாட்ஸ்அப்புல பத்துப் பேரு கை மாறி வந்த பாட்டுங்க. சாறு போயி சக்கைதான் இருக்குது. சின்ன ஸ்பீக்கர்ல தெரியாது, பெருசுல தெரிஞ்சு போச்சு. ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்கிட்டக் கேளுங்க."

ஸ்தனிஸ்லாஸ் ஒரு காலத்தில் மலை முழுக்க மைக் செட் கட்டியவர். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு பென் டிரைவை எடுத்துவந்தார்.

"பதினேழு வருசத்துக்கு முன்னால, சேர்வராயன் திருவிழாவுல நாயனக் கச்சேரிங்க. மரக்கெளையில ரெண்டு மைக்கத் தொங்கவுட்டு, எனக்குன்னு தனியாப் புடிச்சு வெச்சது."

"அன்னைக்கு நானும் வந்தனுங்க. கடைசியில, கூட்டத்துல எடமில்லாம ரோட்டுலயே நின்னுட்டேன்."

அதை முதலில் போட்ட மதியத்தை சக்திவேல் மறக்கமாட்டார். சுவருக்கும் பெட்டிகளுக்கும் நடுவே வித்வான் வந்து உட்கார்ந்துவிட்டார். நாயனத்தின் சீவாளியை வாயில் வைக்குமுன் அவர் இழுத்த மூச்சு கேட்டது. தவிலில் விரல் படுவது ஒரு சத்தம், குச்சி படுவது இன்னொரு சத்தம். மேலே இலைகளைக் காற்று அசைத்துப்போனது. சக்திவேல் தன்னையறியாமல் எழுந்து நின்று, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எல்லா நாளும் அப்படி வாய்க்கவில்லை. மேனேஜரிடம் திட்டு வாங்கிய ஒரு சனிக்கிழமை அதே நாயனத்தைப் போட்டார். அதே பெட்டி, அதே பதிவுதான். காதுக்கு ஏதோ எட்டியது, நெஞ்சுக்கு ஒன்றும் எட்டவில்லை. வயர்களைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். பழுது வயரில் இல்லை என்று ராத்திரிச் சோறு தின்றபோதுதான் உறைத்தது.

கச்சேரியில் ஓரிடம் மட்டும் அவருக்கு எப்போதும் பிடிபடவில்லை. வேகமாக ஓடும் நாயனம் பாதியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு தவில் இல்லாமல், நூல் இழுத்த மாதிரி மெதுவாக நீலாம்பரி ராகம் தொடங்கும். 'வித்வானுக்கு மறந்துபோச்சாட்டம் இருக்குது' என்று நினைத்துக்கொள்வார்.

அந்த ஆனியில் மகள் பானு நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போனாள். வீடு வெறிச்சென்றானது. அடுத்த ஞாயிறு மதியம், மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றபோது, சசிரேகா அவரைக்காய் முறத்தோடு கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்கட்டுக்குத் தனியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நாயனம் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க. கொழந்த அழுவுது."

"எங்க அழுவுது?"

"இதுலதானுங்க. கொஞ்சம் பின்னால தள்ளிப் போடுங்க."

நாற்பது தடவை கேட்டவர் மறுபடி போட்டார். வித்வான் நிறுத்திய இடத்தில், இடதுபக்கப் பெட்டியின் ஆழத்தில், ஒரு குழந்தை வீறிட்டது. பக்கத்திலேயே ஒரு பெண்குரல்: "அழுவாத சாமி... தாத்தா ஊதறாரு பாரு..."

முறம் சரிந்து அவரைக்காய் தரையில் சிதறியது.

"நான்தானுங்க அது. நம்ம பானு, ஒம்பது மாசம். மரத்தடியிலதான் நின்னுட்டிருந்தேன். எல்லாரும் திரும்பி மொறச்சாங்க. அந்தப் பெரியவரு ஊதறத நிறுத்திட்டு என்னையப் பாத்துக் கையக் காட்டுனாரு. வெளிய போன்னு சொல்றாருன்னு, அவமானமாப் போயி ஓடியாந்துட்டேன். உங்ககிட்டக்கூட நான் சொல்லல."

சக்திவேல் சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்தை மூன்றாம் முறை போட்டார். இருவரும் பெட்டியருகே தலையைச் சாய்த்தார்கள். கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில், மேடைப்பக்கமிருந்து ஒரு கிழக்குரல் வந்தது.

"இருங்கம்மா, போகாதீங்க. கொழந்தையும் கேக்கட்டும்."

அதன் பிறகுதான் நீலாம்பரி. மலைத்திருவிழாக் கூட்டம் அத்தனையையும் காக்கவைத்து, ஒன்பது மாதக் குழந்தைக்காக ஒரு மனிதர் தாலாட்டு ஊதியிருக்கிறார். சசிரேகா வாயைப் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டாள். சக்திவேல் இத்தனை நாளும் மறதி என்றல்லவா நினைத்திருந்தார்!

உடனே பானுவுக்குப் போன் போட்டு, போனைப் பெட்டியருகே பிடித்தார்கள்.

"ஒண்ணுமே கேக்கலம்மா. கரகரங்குது" என்றாள் அவள். "எனக்கு மெஸ்ஸுக்கு நேரமாச்சு."

தீபாவளி லீவுக்கு அவள் வந்தாள். வந்த அன்றே சக்திவேல் போட்டுக் காட்டினார். பஸ்ஸில் நின்றபடியே வந்தவள் பாதியில் தூங்கிப்போனாள். "வுடுங்க, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சசிரேகா போர்வையைப் போர்த்தினாள். மூன்றாம் நாள் தலைக்குக் குளித்து, கறிச்சோறு தின்று, ஈரமுடியை விரித்துப்போட்டபடி பானுவே வந்து தரையில் அமர்ந்தாள்.

"அத இப்பப் போடுங்கப்பா."

வீறிட்ட குரலைக் கேட்டுச் சிரித்தாள். கிழக்குரல் வந்ததும் சிரிப்பு நின்றது. நீலாம்பரி முடியும்வரை அவள் இமைக்கவேயில்லை.

"அந்தத் தாத்தா இப்ப இருக்காருங்களா?"

"போயி எட்டு வருசமாச்சாம் கண்ணு. ஸ்தனிஸ்லாஸ் சொன்னாரு."

பானு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சக்திவேல் நிறுத்தப் போனார். "ஓடட்டுங்க" என்றாள் சசிரேகா. கச்சேரி இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. காப்பி வைக்கும் வேளை தாண்டியும் மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.