மறியல் வாரத்தில் மாற்றிய பிரேக்

"பஸ் இல்லை. மலையிலிருந்து அவர் சைக்கிளில் வந்தார். இவர் காரை ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார். யாரும் சாப்பிடவில்லை."

தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்புறம் நான் பென்சிலால் குறித்து வைத்தது இது. தாளில் தேதி இருந்த மூலை கிழிந்துவிட்டது. 1987 செப்டம்பர் என்பது மட்டும் படிக்க முடிகிறது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியில் குடியிருந்தோம்.

குறிப்பில் 'இவர்' என்பது என் கணவர். 'அவர்' என் நாத்தனாரின் கணவர், கரியாலூர்ப் பள்ளியில் ஆசிரியர். அவர் கிறிஸ்தவர். நாத்தனார் தன் விருப்பப்படி அவரை மணந்துகொண்ட நாளிலிருந்து என் கணவர் தங்கையிடமும் பேசுவதில்லை, அவரிடமும் பேசுவதில்லை. எனக்கு மட்டும் நாத்தனார் கடிதம் போடுவாள். வரும் கடிதங்களை மேசை மேலேயே வைத்துவிடுவேன். இவர் அவற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அன்று காலை ஆசிரியர் வாசலிலேயே நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, அவளுக்கு மாசம் நெறஞ்சிடுச்சு. கால் ரெண்டும் வீங்கிக்கினு கீது. நர்சம்மா கீழ ஆஸ்பத்திரிக்கு இட்டும் போய்டுங்கன்னுட்டாங்க. பஸ் வரல. வேன் கீன் யார்னா வச்சிருந்தா சொல்லுங்கக்கா."

எங்கள் கார் அவர் கண்ணெதிரே நின்றது. அதை அவர் கேட்கவில்லை. உள்ளே செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்த என் கணவர் எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமலேயே வாசலுக்குப் போய் ஜாக்கியை எடுத்தார்.

என் மாமனார் விட்டுப்போன பழைய கார் அது. பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. தெருவில் மெதுவாக ஓட்டலாம், மலையில் இறக்க முடியாது. மாற்றுவதற்கு வாங்கிய ரப்பர்களும் பிரேக் ஷூக்களும் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தன. ஒர்க்ஷாப்புகளெல்லாம் அடைத்துக் கிடந்த அந்த நாளில் அவரே உட்கார்ந்து மாற்றினார். கசிந்தது ஒரு சக்கரம்தான், ஆனால் அவர் நான்கையும் கழற்றினார். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டரைத் துடைத்து விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆசிரியர் வேப்பமரத்தடியில் நின்று மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் பூட்டிய பிறகு பிரேக் ஆயில் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து அப்படியே பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சிறு திருகைத் திறப்பார். காற்றுக்குமிழோடு ஆயில் பீய்ச்சும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னதாக எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். குறையக் குறைய ஆயில் ஊற்றும் வேலை எனக்கு. ஆகவே மிதிக்க ஆசிரியர்தான் மிச்சம்.

"மிதிக்கச் சொல்லு" என்றார் இவர், காரின் அடியிலிருந்து.

"மிதிக்கணுமாம்" என்றேன்.

"மிதிச்சிட்டேன்னு சொல்லுங்கக்கா."

"மிதிச்சிட்டாராம்."

எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு. கல்யாணப் பந்தியில்கூட அதை வைத்துச் சமாளித்துவிடலாம். பிரேக்கில் முடியவில்லை. இவர் சொல்லி, நான் சொல்லி, அவர் கேட்பதற்குள் பல முறை காற்று புகுந்துவிட்டது. கையிலிருந்த ஆயிலில் பாதி தரையில் ஓடிவிட்டது. எப்படியோ மூன்றை முடித்துக் கடைசிச் சக்கரத்துக்கு வந்தோம். ஆசிரியரின் கால் தளர்வதை இவர் எப்படித்தான் உணர்ந்தாரோ, அடியிலிருந்து கத்தினார்.

"விட்டுடாத மாப்ள! அப்டியே அமுக்கிப் புடி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் விடவில்லை. நிப்பிளை மூடியான பிறகும் விடவில்லை.

"இப்ப வுடலாம் மாப்ள" என்றார் இவர், இறங்கிய குரலில். பிறகு என்னைப் பார்த்து, "நீ இன்னாத்துக்குச் சிரிக்கிற? ஆயிலப் பாத்து ஊத்து" என்றார்.

மூவரும் காரில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் போகும் வழியில் சாலையின் குறுக்கே ஒரு புளியமரக் கிளை கிடந்தது. மறியல் செய்த இளைஞர்கள் காரை நிறுத்தினார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிளையைப் புரட்டி வழிவிட்டார்கள். "திரும்பி வரப்ப தூரத்துலயே ஆரன் அடிங்கண்ணா, தூக்கி வச்சிடறோம்" என்றான் ஒருவன். சொன்னபடியே செய்தார்கள்.

கரியாலூரில் வாசலுக்கு வந்த நாத்தனார் அண்ணனைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தாள். "அப்பா வண்டியா அண்ணி? பிரேக்கு புடிக்குமா?" என்றாள் என்னிடம். பதில் சொல்ல வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டு, "உன் வூட்டுக்காரர்தான் மிதிச்சாரு, அவரக் கேளு" என்றார்.

அவ்வளவுதான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டில் அவள் பாதத்தைத் தரையில் ஊன்றி அழுத்தினாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு இவர் சொன்னார்: "நீ ஏன் புள்ள மிதிக்கிற? நான் மிதிச்சிக்கினுதான கீறேன்." அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். பிரேக் பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும் பிடித்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

குழந்தை வளர்ந்த பிறகு ஒரு நாள் நாத்தனார் சொன்னாள், அன்று வளைவுகளில் பாதத்தை ஊன்றியது பயத்தால் இல்லையாம். முதல் வளைவிலேயே வலி எடுத்துவிட்டதாம்.

"சொல்லியிருந்தா வேகமாப் போயிருப்பேனே" என்றார் இவர்.

"அதுக்குதாண்ணா சொல்லல."

"சும்மா கத வுடாத. பயந்தாங்கொள்ளி நீ."

பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆசிரியரைக் கேட்டால், தான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று என் காலண்டர் தாளிலும் இல்லை. அது பயமா வலியா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அண்ணனும் தங்கையும் நடுவில் நான் இல்லாமல், நேருக்கு நேர் அதைப் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்கும்போதெல்லாம், அது உறுதியாகாமலே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.