வட்டமாக நீந்தியவள்

முப்பத்தாறு வயதில் முதன்முதலாக டிரையத்லானுக்குப் போனேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிற்காமல் முடிக்க வேண்டும். கோம்பையிலிருந்து உத்தமபாளையம் ஆபீசுக்குத் தினமும் சைக்கிளில் போய்வருகிறவள் நான். ஓட்டமும் வரும். நீச்சலைப் பற்றிக் கவலையே இல்லை. அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் ஆறு வயதிலிருந்து ஊறிக் கிடந்தவள் என்ற திமிரோடு வெளியூர் ஏரி ஒன்றில் இறங்கினேன்.

ஏரி என் திமிரை அடக்கிவிட்டது. எல்லோரும் மிதவையை நோக்கி நேராகப் போக, நான் மட்டும் இடப்பக்கம் வளைந்து தாமரைக் கொடிகளுக்குள் போய்ச் சேர்ந்தேன். திருத்திக்கொண்டு கிளம்பினால் மறுபடியும் இடப்பக்கம். மூச்சு முட்டியது. காவல் படகு பக்கத்தில் வந்ததும் நானே போய் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். படகைப் பிடித்தால் போட்டி முடிந்தது என்று அர்த்தம். யாரும் என்னை இழுத்துப் போடவில்லை, நானாகப் பிடித்தேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஊர் திரும்பிக் கிணற்றில் இறங்கியபோதுதான் காரணம் பிடிபட்டது. கிணற்றில் நேராகப் போனால் எட்டு வீச்சில் சுவர் வந்துவிடும். அதனால் சுற்றிச் சுற்றித்தான் நீந்துவோம், அதுவும் எப்போதும் இடப்பக்கமாக. முப்பது வருஷமாக வலது கை உழைக்க, இடது கை சும்மா கூடவே வந்துகொண்டிருந்திருக்கிறது. தலையும் தண்ணீருக்கு மேலேயே நிற்கும். மேலேயிருந்து எவன் குதிக்கிறான் என்று பார்க்காவிட்டால் மண்டை போய்விடுமே. தலை நிமிர்ந்தால் கால் தாழும். இந்த லட்சணத்தில்தான் போட்டிக்குப் போயிருக்கிறேன்.

அண்ணன் சிரித்துவிட்டு, ஆசை தீர்ந்ததா, இனி வேலையைப் பார் என்றார். எனக்குத் தீரவில்லை. அடுத்த வருஷம் அதே ஏரியில் இறங்கி, எதையும் பிடிக்காமல் கரையேறியே ஆக வேண்டும்.

வாய்க்காலில் தண்ணீர் திறந்ததும், ஆபீஸ் போகிற வழியில் ஒரு பாலத்தடியில் இடம் பார்த்தேன். நெஞ்சளவு தண்ணீர், நல்ல இழுப்பு. லாரியில் வாழைத்தார் கட்டும் கயிற்றைப் பாலத்துக் கம்பியில் முடிந்து, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிர்நீச்சல் போட்டேன். ஒழுங்காக நீந்தினால் கயிறு தொய்யும், தலையைத் தூக்கினால் விறைக்கும். இடது கை ஏமாற்றினால் உடம்பு ஒதுங்கிப்போய்ச் சிமெண்ட் கரையில் முழங்கை தேயும். சாயங்காலம் அண்ணனின் திராட்சைப் பந்தலைத் தாங்கும் கல்லுக்காலில் சைக்கிள் டியூபை மாட்டி, இடது கையால் மட்டும் முந்நூறு தடவை இழுத்தேன்.

முழுக்கை பனியனும் பேண்ட்டும் போட்ட ஒரு பொம்பளை, நின்ற இடத்திலேயே நீந்தினால் கூட்டம் சேராதா? ஒருவர் மீன் ஏதும் மாட்டியதா என்று கேட்டார். இன்னொருவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார். மூன்றாம் நாள் அண்ணனே பாலத்தில் வந்து நின்றார்.

"ஏத்தா, மேல வா. நாலு பேரு பாக்குறாக."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். "இங்கன நாலு பேருதாண்ணே. அங்கன நான் படகப் பிடிச்சுத் தொங்குனத நானூறு பேரு பாத்தாக. அந்த வெக்கத்துக்கு முன்னால இது எம்மாத்திரம்?"

அவர் விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று அவருடைய கல்லுக்காலிலேயே இன்னும் நூறு தடவை சேர்த்து இழுத்தேன்.

அடுத்த வருஷம் அதே ஏரி. மிதவையை நேராகப் போய்த் தொட்டுத் திரும்பினேன். பாதி வழியில் இடது தோள் எரிய ஆரம்பித்தது. கை வரமாட்டேன் என்றது. காவல் படகு பக்கத்தில் வந்தது. அதிலிருந்தவர் கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கங்கம்மா, பரவாயில்ல."

பரவாயில்லையாம்! எனக்குக் கோபம்தான் வந்தது. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, அந்த இடது கையையே முதலில் முன்னால் போட்டேன்.

கரையில் கால் ஊன்றி எழுந்தபோது, எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் தண்ணீரில் இருந்தார்கள். மூவரும் ஆண்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஓடிப்போய்ச் சைக்கிளை எடுத்தேன்.