சீற்றை விட்டு எழும்பாத ஆள்

நீங்கள் சிரிப்பியள், பரவாயில்லை, வேற ஆரும் எனக்கு இதைச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பன். நான் மின்சார வேலை செய்யிறவன், என்னத்துக்கும் பின்னால ஒரு வயர் ஓடும் எண்டு தேடுற ஆள். பிள்ளை அழுதா மனுசி நாவூறு கழிச்சு அடுப்பில செத்தல் மிளகாய் போடுவா, ஸ்மோக் அலாம் வீடு இடியக் கத்தும், நான் கதிரையில ஏறி நிண்டு அதைக் கழட்டிக்கொண்டு, உன்ர பேய் போச்சுதோ தெரியாது, பற்றரி போகப்போகுது எண்டு நக்கலடிப்பன். அந்த நான்தான் சொல்லுறன், கேளுங்கோ.

அப்ப எங்களுக்கு இந்த நாட்டில நிரந்தரமா இருக்கிறதுக்கு ரெசிடென்ட் வீசா வரேல்லை. ஒரு பொலிஸ் கேஸ் விழுந்தாக் காணும், நான், மனுசி, பிள்ளை எல்லாரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். "ஆர் என்ன செய்தாலும் நீங்கள் உங்கட பாட்டில இருங்கோ, ஒரு சோலிக்கும் போகாதேங்கோ" எண்டு மனுசி காலமை சாப்பாட்டுப் பையைத் தரேக்க ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் விடுவா. எனக்குக் கோபம் கெதியா வரும், அது அவவுக்குத் தெரியும்.

அண்டைக்கு வெள்ளனவே வேலை முடிஞ்சுது. நல்ல வெயில். சிற்றியில ரெண்டு தட்டு பஸ் ஒண்டில ஏறி மேல் தட்டில பின்னுக்குப் போய் இருந்தன். பாலம் தாண்டி அக்கொராங்கா ஸ்டேஷனை விட்டா, மோட்டர்வேக்குப் பக்கத்தில பஸ்சுக்கெண்டே தனி ரோட்டு, நடுவில எங்கயும் நிக்காது, ஒருத்தரும் இறங்கேலாது. மேல நானும், முன் சீற்றில ஒரு பள்ளிக்கூடப் பெட்டையும்தான். அக்கொராங்காவில ஒரு தடியன் ஏறி வந்து அவளின்ர ஃபோனைக் கேட்டான். அவள் குடுக்கேல்லை. தலைமயிரைக் கொத்தாப் பிடிச்சு ஜன்னல் கண்ணாடியில அடிச்சான், திருப்பியும் அடிச்சான். கண்ணாடியில ரத்தம். அவள் திரும்பி என்னைப் பாத்தாள்.

நான் எழும்பினன். எனக்குத் தெரிஞ்சது அதுதான். போய் அவனைக் கொலரில பிடிச்சு, மூஞ்சையைக் கொண்டுபோய்க் கம்பியில மோதினன். மூக்கெலும்பு உடைஞ்சது என்ர கையில தெரிஞ்சது. அவன் என்ர வலக்கையைக் கவ்விக் கடிச்சான், விடுமட்டும் மற்றக் கையால காதைப் பொத்தி அடிச்சன். சொறி சொறி, விடு எண்டு கத்தினான். அதுக்குப் பிறகும் அடிச்சன். உங்களுக்கு ஏன் பொய் சொல்ல வேணும், எனக்கு அது நல்லா இருந்தது.

அடுத்த ஸ்டேஷன்ல பஸ் நிண்டுது. பாத்தா நான் என்ர சீற்றில இருக்கிறன், மடியில சாப்பாட்டுப் பை. அடிச்சுப்போட்டு வந்து இருந்திட்டன் எண்டுதான் நினைச்சன். பொலிஸ் வந்துது. அவனும் என்னைத்தான் காட்டினான், பெட்டையும் என்னைத்தான் காட்டினாள். முடிஞ்சுது கதை, வீசாவும் போச்சு, மனுசியின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டே அவையளோட போனன்.

பொலிஸ் ஸ்டேஷன்ல ஒரு பொம்பிளைப் பொலிஸ் பஸ் கமராவில பதிஞ்சதை லப்டொப்பில போட்டா. நம்பினா நம்புங்கோ, விட்டா விடுங்கோ. அதில நான் எழும்பேல்லை. பின்னுக்கு, கண்ணை மூடிக்கொண்டு, பையை ரெண்டு கையாலும் பிடிச்சபடி இருக்கிறன். முன்னுக்கு அவன்ர தலை தன்ர பாட்டில கம்பியில போய் மோதுது, அங்கால இங்கால திரும்புது, ரத்தம் சீறுது, பெட்டை ஜன்னலோட ஒடுங்கிக் கிடக்கிறாள், அவனைத் தொட ஒரு குருவி இல்லை. அவ திருப்பிப் போட்டுப் பாத்தா. பிறகு லப்டொப்பை மூடிப்போட்டு, "பஸ் குலுக்கினதில விழுந்திருப்பான், பெட்டைக்கும் தலையில அடிபட்டது, குழம்பிப்போனாள், நீ போகலாம்" எண்டா. என்ர முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை. மேசைக்குக் கீழ நான் என்ர வலக்கையைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். பெருவிரலுக்குக் கீழ, இந்தா, இதுதான் அவன்ர பல்லுப் பதிஞ்ச அடையாளம்.

வீசா வந்துது. மனுசி கோயிலுக்குப் போய் அருச்சினை செய்தா. "பாத்தியளே, நான் சொன்ன மாதிரி எழும்பாமல் இருந்தபடியாத்தான்" எண்டு பெருமையாச் சொன்னா. கடிச்ச அடையாளத்தை வேலையில வெட்டினது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

அதுக்குப் பிறகு நான் பஸ்சில இருக்கிறேல்லை, எவ்வளவு சீற்று காலியாக் கிடந்தாலும் நிண்டுதான் போறன். வீட்டிலயும் கோபம் வந்தா உடன எழும்பி நிண்டிடுவன். இந்தாளுக்கு விசர் எண்டு மனுசி சிரிப்பா. நான் எழும்பாட்டி வேற என்ன எழும்புமோ எண்ட பயம் அவவுக்கு எங்க விளங்கப்போகுது.

போன கிழமை ஒரு சின்ன வாய்த்தர்க்கம், அவ தன்ர தம்பியைக் கூப்பிட்டு எங்களோட வைச்சிருக்க வேணுமாம். எனக்குச் சுர்ரெண்டு ஏறீட்டுது. அவ குசினியில எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவ, திரும்பாமலே தோளை உதறினா. "விடுங்கோப்பா, நோகுது, ஏன் இப்பிடி இறுக்கிப் பிடிக்கிறியள்?" எண்டா.

நான் ஹோலில சோபாவில இருந்தன். பிள்ளை மடியில நித்திரை, அதாலதான் எழும்பேல்லை.