கீரைப் பாத்தியும் குற்றாலத்து மங்குஸ்தானும்

கீரை விதைக்கிற காலையில் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் பயப்பட வேண்டியிருக்கும் என்று தென்காசியில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இங்கே மலாயாவில், ஜொகூரில், நான் கிராணியாகக் கணக்கு எழுதும் ரப்பர் தோட்டத்தில், வந்த முதல் மாதமே அது நடந்தது. கீரை விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம் பக்கத்தில் அரிசிக் குருணையைக் கலந்து தூவுவார்கள். எறும்பு குருணையை எடுத்துக்கொள்ளும், விதை மண்ணில் தங்கிவிடும். என் மனைவி கோமதியும் சுளகில் இரண்டையும் பிசிறிப் பாத்தியில் தூவினாள். செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மலாய்க்கார அம்மாள் மக் லீமா அதைப் பார்த்தார். புதிதாக வந்தவள் கோழிக்குத் தீனி போடுகிறாள், நல்ல மனசுக்காரி என்று நினைத்தார் போலும். கூண்டைத் திறந்து பன்னிரண்டு கோழிகளையும் எங்கள் பக்கம் ஓட்டிவிட்டார். கோமதி கையை வீசி வீசி விரட்ட, இன்னும் அனுப்பச் சொல்கிறாள் என்று எண்ணிச் சேவலையும் சேர்த்து அனுப்பினார். மறுநாள் நன்றிக்கு அடையாளமாகக் கிண்ணத்தில் நான்கு முட்டைகள் வந்தன. முட்டை வாசனையே படாத சைவ வீட்டுப் பெண் அந்தக் கிண்ணத்தை முந்தானையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை, பதினோரு வருஷம் கழித்தும் மறக்கவில்லை.

அந்தக் கீரை விதை இலஞ்சியிலிருந்து வந்தது. கோமதி பிறந்த வீட்டில் ஒரு பழைய துணியில் முடிந்து கொண்டுவந்தாள். நான் கொண்டுவந்தது குற்றாலத்து மங்குஸ்தான். கப்பலேறுவதற்கு முந்தின வாரம் சாரலில் நனைந்துகொண்டே மெயினருவியில் குளித்துவிட்டு, பழக்கடையில் ஆறு பழம் பொறுக்கி, ஈரத் தேங்காய் நாரில் பொதிந்து பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டேன். அந்தப் பழம் நம் சீமையில் குற்றால மலையில்தான் விளைகிறது என்பதில் தென்காசிக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. நாமே நட்டு வளர்த்த மாதிரிப் பேசுவோம். வெளியூர்க்காரர் எவராவது தோலோடு கடித்துவிட்டு முகம் சுளித்தால், உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிளந்து காட்டி, 'இப்படித்தான் திங்கணும்' என்று ஒரு பாடம் நடத்தாமல் விட மாட்டோம். நானும் அந்த ரகம்தான். அக்கரையில் போய் அந்த விதையை முளைக்க வைத்து, குற்றாலம் என்றால் என்னவென்று காட்ட வேண்டும் என்று கிளம்பியவன்.

கப்பலிலேயே சண்டை வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து பார்த்த கோமதி சொன்னாள்: "இத எதுக்குக் கொண்டாறீய? மூணு வருசந்தான்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லித்தானே என்னக் கூட்டிட்டு வாறீய? குடியிருக்க வீட்ல கீரை போடலாம், மரம் வைக்கப்பிடாது." அவள் அப்பா கடைசிவரை வாடகை வீட்டில் இருந்தவர். கொல்லை நிறையக் கீரை விதைத்தாரே தவிர ஒரு கொய்யாக் கன்றுகூட நட்டதில்லை. மரம் வைத்தால் அந்த இடம் ஆளை விடாது என்பது அவர் கணக்கு. நான் சிரித்து மழுப்பினேன். உண்மையைச் சொன்னால், மூன்று வருஷத்தில் திரும்பும் எண்ணம் எனக்கு அப்போதே இல்லை. அதை அவளிடம் சொல்லும் தைரியமும் இல்லை.

வந்த இடத்தில் எனக்குக் காத்திருந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பாத்தி ஓரத்தில் குழி தோண்டி மங்குஸ்தான் கொட்டைகளைப் புதைப்பதை மக் லீமா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த பத்து மலாய் வார்த்தைகளை வைத்து, இது என் ஊர்ப் பழம், கடல் தாண்டி வந்தது என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் வீட்டுக் கொல்லையைக் காட்டினார். மூன்று மங்குஸ்தான் மரங்கள். தரையெல்லாம் பழம், கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. பாவம், இவன் ஊரில் கிடைக்காமல் ஆசைப்பட்டு விதையைப் பொறுக்கியிருக்கிறான் என்று முடிவுகட்டி ஒரு கூடைப் பழத்தைத் தலையில் வைத்து அனுப்பினார். நம் மலைக்கு அந்த மரம் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று பிற்பாடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் சொன்னார். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கிருந்து வந்தால் என்ன, அதற்கு ருசி கொடுத்தது குற்றாலத்துச் சாரல்.

கீரைக்கும் மரத்துக்கும் அன்றே போட்டி தொடங்கியது. கீரை மூன்றாம் நாள் தலைகாட்டும், இருபத்தைந்தாம் நாள் கடைசலாக இலையில் விழும். பால் வெட்டுகிறவர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வந்து கோமதியிடம் விதை கேட்டு வாங்கிப்போனார்கள். தோட்டத்தில் எந்த வீட்டில் கீரை மணத்தாலும் அது இலஞ்சிக் கீரை என்று அவள் நிமிர்ந்து நடப்பாள். என் மரமோ வருஷத்துக்கு நாலு இலை விட்டது. மூன்று வருஷத்தில் முழங்கால் உயரம். "ஒங்க பெருமை இன்னும் தவழுதே" என்பாள். ஒவ்வொரு தடவை விதைக்கும்போதும், "இதுதான் கடைசிப் பாத்தி, அடுத்தது இலஞ்சியில" என்பாள். மூன்று ஐந்தாகி, ஐந்து ஏழாயிற்று. ஆனால் கீரை அலசிய தண்ணீரை அவள் எங்கே கொட்டினாள் என்று நான் கவனிக்காமல் இல்லை. தினமும் அந்தக் கன்றின் அடியில்தான்.

ஏழாம் வருஷம் லீவில் ஊருக்குப் போனோம். நல்ல சாரல். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அதே பழக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சின்னப் பழத்தை நீட்டி, "அண்ணாச்சி, இந்த மலைய விட்டா இது எங்கனயும் கெடைக்காது" என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க ஊர்ல கோழி திங்குது இத. ஒங்க பழத்த விடப் பெருசு" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் பழத்தைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு, "அப்ப அங்கனயே தின்னுக்கிடுங்க" என்றார். ஈரத் தலையோடு பக்கத்தில் நின்ற கோமதி முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே பஸ் ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள்: "அங்கன போனா குத்தாலம் குத்தாலம்னு பேசுதீய. இங்கன வந்தா மலாயாவ 'எங்க ஊரு'ங்கீய. எந்த ஊர்லதான் இருக்கீய நீங்க?" பண்பொழி மலை தெரிகிற ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த வருஷம் மரம் பூத்துக் காய்த்தது. காய் நிறம் மாறுகிற மாதம் தோட்டம் கைமாறுகிறது என்று செய்தியும் வந்தது. புது முதலாளி எங்களைப் போன்றவர்களிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: இந்நாட்டுப் பிரஜையாக எழுதிக்கொடுத்து இதே வீட்டில் இருக்கிறாயா, இல்லை அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறாயா? கப்பலுக்குப் பதினைந்து நாள் இருந்தது. பதினோரு வருஷம் ஏமாற்றியது போதும் என்று தோன்றியது. "நீயே சொல்லு, நீ சொன்னபடி கையெழுத்துப் போடுதேன்" என்று தாளைக் கோமதியிடம் கொடுத்தேன். அவள் அதை அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான்கு நாள் அந்தத் தாள் அங்கேயே கிடந்தது.

ஐந்தாம் நாள் பழம் பறித்தோம். மொத்தம் ஒன்பது. முதல் பழத்தைப் பிளந்து கோமதி மக் லீமாவுக்குப் பாதி கொடுத்தாள். அவர் சுவைத்துப் பார்த்து, "சாமா சாஜா" என்றார். எல்லாம் ஒன்றுதான் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பதினோரு வருஷமாக என் பெருமையைக் கேலி செய்தவள் முந்திக்கொண்டாள். வாயிலிருந்த சுளையை விழுங்கிவிட்டு, அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் தமிழிலேயே சொன்னாள்: "எப்படி ஒண்ணாவும்? இது எங்க குத்தாலத்து மரம்லா." மக் லீமா ஏதோ புரிந்தவர் மாதிரி தலையாட்டினார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை, மரத்தைப் பற்றி அல்ல.

மறுநாள் காலை கோமதி சுளகோடு பாத்தியில் நின்றாள். விதையும் குருணையும் பிசிறியிருந்தது. இருபத்தைந்து நாள் கீரை, ஒன்பது நாளில் கப்பல். நான் தயங்கித் தயங்கி, "யாரு திங்கதுக்கு?" என்று கேட்டேன். "நாமதான். காச்ச மரத்த விட்டுட்டு எவ போவா?" என்றாள். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மக் லீமா கோழிகளைக் கூண்டுக்குள் விரட்டிக் கதவைச் சாத்தினார்.

ஊருக்குப் போகிற ஒருவரிடம் இரண்டு பழம் கொடுத்தனுப்ப வேண்டும் என்றாள். அதே பிஸ்கட் டப்பா, அதே மாதிரி ஈர நார். இலஞ்சியில் வாய்க்கால் ஓரத்தில் அவள் அண்ணன் வாங்கியிருக்கிற துண்டு நிலத்தில் நட வேண்டுமாம். "அது சொந்த மண்ணு, அங்கன மரம் வைக்கலாம்" என்றாள். மலையை விட்டுக் கீழே இறங்கினால் மங்குஸ்தான் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன். "கூடவே அண்ணனுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. கீரை வெத தீந்துபோச்சு, அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.