வேற சொல்லு, மாப்ளே

சுருளிப்பட்டியில் என் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று குலை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தவமணியின் தங்கை மகன். "பெரியப்பா, மாமா போயிட்டாக" என்றான். "வேற சொல்லுடா" என்றேன். அவன் அழுதான்.

தவமணியை உங்களுக்குப் பத்திரிகைக்காரனாகத் தெரியும். பாலைவனம், பனிமலை, சண்டை நடந்த ஊர்கள் என்று உலகத்தைச் சுற்றிச் செய்தி எழுதியவன். அவன் சாகசக் கதைகளையும் படித்திருப்பீர்கள். அவற்றில் கதாநாயகன் மாட்டிக்கொண்ட இடமெல்லாம் அவன் பார்த்தது. தப்பித்த வழியெல்லாம் நான் சொன்னது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் பேசுகிற பேச்சா இது என்று நினைக்க வேண்டாம். எந்தத் தேசத்தில் இருந்தாலும், கதை நகராவிட்டால் அவன் கூப்பிடுவது என்னைத்தான்.

ஒருமுறை ஏதோ துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான். "மாப்ளே, நம்ம ஆளு பள்ளத்துல கெடக்குறான். மேல ஒத்த யானை நிக்குது. எப்பிடி ஏறுவான்?"

"மேகமலையில எனக்கே நடந்துச்சேலே! கொம்பப் புடிச்சு ஊஞ்சலாடி அங்கிட்டுப் போயி விழுந்தேன்."

"ஒன் எடைக்கு யானைதான் விழுந்திருக்கும். வேற சொல்லு."

"அப்ப, பலாப்பழத்தப் பொளந்து தூர வீசுனேன். வாசம் புடிச்சு அது போயிருச்சு."

"இது நடக்கும்" என்றான். அச்சில் வந்தது. மேகமலையில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். யானை மட்டும் இரண்டு.

"நான் பாத்ததுல யாரும் பொழைக்கலடா. நீ பாக்காததச் சொல்லு" என்பான். சண்டை பூமியில் என்ன பார்த்தான் என்று கடைசிவரை என்னிடம் சொன்னதில்லை. ஆனால் அவன் கதைகளில் கதாநாயகன் சாகவே மாட்டான்.

தை கழிந்து நோயோடு ஊர் திரும்பினான். கடைசியாக ஒரு சாயங்காலம் பார்க்கப் போனேன். கட்டிலில் எலும்பாகக் கிடந்தான். "மாப்ளே, ஆளு நல்லா மாட்டிக்கிட்டான். எப்பிடித் தப்பிக்கிறது?" என்றான். எந்தக் கதை என்று கேட்க வாயெடுத்தேன். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தான்.

விடுவேனா? "குமுளிக்கு அங்கிட்டு ஒரு வைத்தியரு இருக்காரு. எமனே அவருகிட்டத்தான் கசாயம் வாங்கிக் குடிக்கிறான்" என்றேன்.

சிரித்தான். சிரிப்பு இருமலானது. "வேற சொல்லு."

சொன்னேன். எதற்கும் அவன் மசியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நாளைக்கு நல்லதா ஒண்ணு யோசிச்சுட்டு வாலே" என்றான்.

மறுநாள் காலை, பந்தலுக்குக் கீழே, நல்லதாக ஒன்று தோன்றியது. இதை நிச்சயம் ஒத்துக்கொள்வான் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த போன் வந்தது.

அந்த வழி என்னிடமே இருக்கிறது. எதையும் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாதவன் நான். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.