ரப்பர் டீச்சரின் வலது கை

முதல் வகுப்புக் குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் ரப்பர் டீச்சர். குறில் வந்தால் ஒரு தட்டு தட்டுவாள். நெடில் வந்தால் வலது கையை நெஞ்சிலிருந்து வெளியே இழுப்பாள், ரப்பரை இழுப்பதுபோல. கை நிற்கும்வரை குழந்தைகளின் குரலும் நீள வேண்டும். மற்றவர்களிடம் வாயே திறக்காத பிள்ளைகூட அவளிடம் ஒரே மாதத்தில் வாசித்துவிடும்.

அந்தத் திறமையே அவளுக்கு விலங்காகிவிட்டது. கணவரும் மகளும் இருந்த ஊருக்கு பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். ஆறு வருடமாக மாற்றல் கேட்கிறாள். தலைமையாசிரியை ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை மேஜைக்குள் தள்ளிவிட்டு, “உன்னை அனுப்பிட்டு நான் யாரை வச்சும்மா முதல் கிளாஸை ஓட்டுறது?” என்பார். அது பாராட்டா, பூட்டா?

இந்த வருடம் எப்படியோ அவர் மனம் இளகியது. “புதுசா வந்த பொண்ணுக்குச் சொல்லிக் கொடு. மூணு வாரம் கழிச்சு நானே வந்து பாக்கறேன். பிள்ளைங்க அவகிட்ட வாசிச்சுட்டா அங்கேயே கையெழுத்து.”

மகள் போனிலேயே குதித்தாள். “என் ரூம்ல வந்து படுத்துக்கம்மா. அப்பா குறட்டைல உனக்குத் தூக்கமே வராது.”

“அடிப் போடி! அது இல்லாமத்தான் ஆறு வருஷமா எனக்குத் தூக்கம் வரல.”

அந்த நாளும் வந்தது. ரப்பர் டீச்சர் வெளியே, வராந்தா ஜன்னலருகே நின்றாள். தலைமையாசிரியை ஜன்னலுக்கு முதுகு காட்டி, குழந்தைகளைப் பார்த்து உட்கார்ந்தார். புது டீச்சர் பலகையில் ‘மீன்’ என்று எழுதிக் கையை இழுத்தாள்.

“கையெல்லாம் ஆட்டாதம்மா. புத்தகமா கையை ஆட்டப் போகுது? எழுத்தைப் பாத்து வாசிக்கட்டும்.”

புது டீச்சரின் கை இறங்கியது. ஒரு குழந்தை “மின்” என்றது. இன்னொன்று உதட்டைப் பிதுக்கியது. பிறகு இருபத்தெட்டு ஜோடிக் கண்களும் பலகையை விட்டு ஜன்னலுக்குத் தாவின.

ரப்பர் டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, இத்தனை நாளும் இந்தப் பிள்ளைகள் எழுத்தையே பார்த்ததில்லையா? என் கையைத்தான் வாசித்தார்களா?

ஆனாலும் அந்தப் பாழும் கை எழுந்தது. நெஞ்சிலிருந்து நீண்டது.

“மீ…ன்!” வகுப்பே அதிர்ந்தது. ‘காடு’ வந்தது, கை நீண்டது. ‘பூனை’ வந்தது, மறுபடியும் நீண்டது. தலைமையாசிரியை பூரித்துப்போய் மாற்றல் தாளை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

புது டீச்சர் தண்ணீர் குடிப்பதுபோல ஜன்னலோரம் வந்து கிசுகிசுத்தாள். “நான் வாயே திறக்க மாட்டேன்க்கா. போயிடுங்க. பிள்ளைங்களை எப்படியாவது நான் பாத்துக்கறேன்.”

“எப்படி பாத்துப்ப?”

அந்தப் பெண் பலகைக்குத் திரும்பிப் போனாள்.

ஒரே ஒரு கையெழுத்து! கண்ணை மூடிக்கொண்டிருந்தால் போதும், இரவு பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அவள் கண்ணை மூடித்தான் பார்த்தாள். மூடிய இமைக்குள்ளும் அந்த இருபத்தெட்டு முகங்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. பாவி மனசு கேட்கவில்லை. உள்ளே போனாள்.

“கையெழுத்துப் போடாதீங்கம்மா. இவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஜன்னல்ல நின்னு நான்தான் கையைக் காட்டினேன்.”

தலைமையாசிரியை கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. பேனாவை மூடினார். “சரி பண்ண எத்தனை நாளாகும்?”

“தெரியலைம்மா. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

அன்று மகள் மூன்று முறை கூப்பிட்டாள். இவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு பலகையருகே நின்றாள். முன்வரிசைச் சிறுமி ‘காடு’ என்பதைக் “கடு” என்றாள். மறுபடியும் “கடு”. இழுக்கத் துடித்தது கை.

“என்னைப் பாக்காதடா கண்ணு,” என்றாள் ரப்பர் டீச்சர். “அங்க பாரு. பலகையைப் பாரு.”